தட்டும் கையும் விடும் கையும்



"நான் தோற்றேன்" என்று ஒருவன் தன் வாயால் சொல்லுவது அவனுக்கு இழிவா, பெருமையா? இவ்வாறு கேட்டால் நம்மில் பெரும்பாலோர், "இதில் பெருமை எங்கிருந்து வந்தது? தோல்வி என்றால் தோல்விதானே!" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் ஐம்பத்திரண்டு வயது வரை அவ்விதமே எண்ணி வந்தவன். அந்த எண்ணத்தை மாற்றியது என் வலது முழங்கை. அதைவிட அதிகமாக மாற்றியது என் தம்பி மகனுடைய முகம். அந்த வரலாற்றையும், அதன்மேல் எனக்குத் தோன்றிய யோசனைகளையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைக் குறைவாக எண்ணினாலும் பாதகமில்லை. விஷயத்தைக் குறைவாக எண்ணாதிருந்தால் போதும்.

என் தம்பி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவன் மகன் என் கண்முன்னே வளர்ந்த பிள்ளை. என்னைப் பெரியத்தா என்று அழைப்பான். படிக்கும் காலத்திலேயே பிரேசில் ஜியு-ஜிட்சு என்னும் ஒருவகை மற்போரைக் கற்கத் தொடங்கி, நீலக் கச்சை வாங்கியிருந்தான். எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் எச்சரித்த வாரத்தில், "பெரியத்தா, தனியாக நடந்தால் நான்கு நாளில் விட்டுவிடுவீர்கள். என்னோடு வகுப்புக்கு வாருங்கள்" என்றான். இந்த வயதில் மற்போரா என்று நகைத்தேன். ஆயினும் அவன் விடவில்லை. சென்றேன்.

இக்கலையின் பிறப்பு வளர்ப்பை நேயர்கள் சிறிது அறிந்துகொள்வது நலம். ஜப்பான் நாட்டில் ஜிகோரோ கானோ என்னும் கல்விமான் பழைய ஜுஜுட்சு முறைகளைப் பயின்று, அவற்றைச் சீர்திருத்தி, 1882-ஆம் ஆண்டில் தோக்கியோ நகரில் கோடோகான் என்னும் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அதுவே ஜூடோவின் தாய்வீடு. பழைய முறைகளில் உயிருக்கு உலை வைக்கும் பிடிகளும் அடிகளும் மிகுதி. அவற்றை முழு வேகத்தில் தோழன்மீது செய்து பார்க்க இயலாது. பாவனையாகவே செய்ய வேண்டும். கானோ அபாயமானவற்றை விலக்கிவிட்டு, எஞ்சியவற்றை இருவரும் முழுமூச்சாக எதிர்த்துப் பழகும்படி வகுத்தார். தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் என்பது அவர் வற்புறுத்திய கொள்கைகளுள் ஒன்று. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

அப்பள்ளியில் பயின்ற மித்சுயோ மயேதா என்பவர் பல தேசங்கள் சுற்றி, 1914-இல் பிரேசில் சென்று, வடக்கே பெலேம் நகரில் தங்கினார். அவர் வழியாகவே கிரேசி குடும்பத்தாருக்கு இக்கலை கிடைத்தது. அக்குடும்பத்துச் சகோதரர்களாகிய கார்லோஸ் கிரேசியும் எலியோ கிரேசியும் தரையில் கிடந்தவாறே செய்யும் பிடிகளையும் பூட்டுகளையும் பெரிதும் வளர்த்தனர். எலியோ மெலிந்த உடம்பினர். ஆகவே பலத்தைவிட நெம்புகோல் சூட்சுமத்தையே நம்பினார். சிறியவன் பெரியவனை அடக்க இயலும் என்பதே இக்கலையின் கவர்ச்சி. இன்று இது உலகெங்கும் பரவியிருக்கிறது. உலகின் பெரிய மற்போர்ப் போட்டிகளுள் ஒன்று 1998-இல் அபுதாபியில்தான் தொடங்கியது. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜியு-ஜிட்சு இடம்பெற்றபோது, நம் சிங்கப்பூர் வீராங்கனை கான்ஸ்டன்ஸ் லியன் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

நிற்க. நான் சென்ற வகுப்பு ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் நடந்தது. செருப்பை ஓரத்தில் கழற்றிவிட்டு, கைகால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு வரவேண்டும். தடித்த பருத்திச் சட்டையும் கால்சட்டையும் இடையில் கச்சையும் உடுப்பு. புதியவனுக்கு வெள்ளைக் கச்சை. அப்பால் நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று படி ஏறும். கறுப்புக் கச்சைக்குப் பத்து ஆண்டு உழைப்பது சாதாரணம். முதலில் உடலைச் சூடேற்றும் அசைவுகள் உண்டு. தரையில் ஒருக்களித்துப் படுத்து, இறாலைப்போல் இடுப்பை வளைத்துப் பின்னோக்கி நகர்வது அவற்றுள் ஒன்று. என் தொந்தியை வைத்துக்கொண்டு நான் இறாலாக முயன்றதைக் கண்ட பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

பிறகு ஆசிரியர் ஒரு பிடியைச் செய்து காட்டுவார். அதை இருவர் இருவராக மெல்லப் பழகுவோம். கடைசியில்தான் பயிற்சிச் சண்டை. மணி அடிக்கும். இருவரும் கைதொட்டுத் தொடங்குவோம். குத்து இல்லை, உதை இல்லை. ஒருவரை ஒருவர் கீழே தள்ளி, மேலே ஏறி, அல்லது கீழிருந்தே கால்களால் பின்னி, கையையோ காலையோ கழுத்தையோ பூட்ட முயல்வோம். ஐந்து நிமிடத்தில் மீண்டும் மணி, வேறொரு துணை. வியர்வை ஆறாகப் பெருகும். எல்லாம் முடிந்தபின் கைகொடுத்துக்கொண்டு, பாயைத் துடைத்துவிட்டுப் போவோம்.

நம் ஊர்க் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. அதை நடுவரும் பார்ப்பார், சுற்றி நிற்கும் ஊராரும் பார்ப்பார்கள். தோற்றவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. இக்கலையில் அவ்வாறன்று. முதுகு பாயில் கிடந்தாலும் ஒருவன் தோற்றவன் ஆகான். கீழே கிடந்தபடியே வெல்வதற்கு நூறு வழிகள் உண்டு. அப்படியானால் பயிற்சியில் தோல்வியை அறிவிப்பவர் யார்? தோற்பவனே! பூட்டில் அகப்பட்டு, இனித் தப்ப வழியில்லை என்று கண்டதும், அவன் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ கையால் இரண்டு மூன்று தடவை தட்டவேண்டும். கை இரண்டும் சிக்கியிருந்தால் காலால் தட்டலாம். அதுவும் இயலாதாயின் வாயால் சொல்லலாம். தட்டியவுடன் மற்றவன் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. இன்னும் சிறிது அழுத்திப் பார்ப்போம் என்று எண்ணக் கூடாது. சட்டம் இவ்வளவே.

சிறிய சட்டந்தான். ஆனால் முழுக் கட்டடமும் இதன்மேல்தான் நிற்கிறது. எண்ணிப் பாருங்கள். கழுத்தின் இருபுறத்து இரத்தக் குழாய்களையும் சரியாக அழுத்திவிட்டால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பிவிடும். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் உயிருக்கே மோசம். முழங்கையை அது மடங்காத திசையில் நீட்டினால் தசைநார் அறும். இத்தகைய காரியங்களை நாம் நம் நண்பர்கள்மேல் வாரத்தில் மூன்று நாள் முழுப் பலத்தோடு செய்கிறோம்; அவர்களும் நமக்குச் செய்கிறார்கள்; மறுநாள் எல்லோரும் நலமாக வேலைக்குப் போகிறோம். இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஒருவன் உண்மையாகத் தட்டுவான், மற்றவன் உடனே விடுவான் என்ற இரட்டை நம்பிக்கையால் அல்லவா? கானோ வேண்டிய பரஸ்பர நலம் என்பது பாயின்மேல் இந்த உருவத்தில்தான் வாழ்கிறது.

இவ்வளவும் எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்பட்டது. நானும் மற்றவர்களிடம் தயங்காமல் தட்டினேன். சீனப் பையன்களிடம் தட்டினேன்; மலாய்ப் பையன்களிடம் தட்டினேன்; என் எடையில் பாதிகூட இல்லாத ஒரு கல்லூரிப் பெண் தன் தோழியோடு பழகுவதைக் கண்டு, அவளிடம் அகப்பட்டால் நானும் தட்டவேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டேன். ஒருவனிடம் மட்டும் தட்ட என் மனம் இடந்தரவில்லை. அவன் என் தம்பி மகன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, நான் பள்ளிக்கட்டணம் கட்டிய பிள்ளை. அவனிடமா "போதும், விடு" என்று கெஞ்சுவது? அவனோடு சேரும் முறை வரும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

நான்காம் மாதத்தில் ஒருநாள் தப்ப முடியவில்லை. அன்று நம் சங்கத்து இளைஞர் இருவர் வகுப்பைப் பார்க்க வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. என் வலது கையைத் தன் இரு தொடைகளுக்கிடையில் வைத்து நேராகப் பூட்டிவிட்டான். பூட்டியவன் இழுக்கவில்லை. பிடியைச் சற்றே தளர்த்தி என் முகத்தைப் பார்த்தான். "பெரியத்தா, தட்டுங்கள்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். நான் தலையை அசைத்தேன். "தட்டுங்கள்" என்று மறுமுறையும் சொன்னான். ஓரத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்பது ஒன்றே என் நினைவில் இருந்தது. கையைப் பலங்கொண்ட மட்டும் உதறி இழுத்தேன். ஈரத் துணியைக் கிழிப்பது போன்ற ஓர் ஓசை கேட்டது.

மருத்துவமனையில் விடியும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் உண்மையில் வெட்கப்பட வேண்டிய பகுதி. கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு வந்தேன். உறவினர் திரண்டு வந்தனர். "யார் செய்தது?" என்று கேட்டார்கள். செய்தி அதற்கு முன்பே பரவியிருந்தது. என் தமக்கை அவனைத் திட்டினார். அவனைப் பெற்ற தாயோ, "அத்தா இல்லாத பிள்ளைக்குச் சோறு போட்ட கையை ஒடித்துவிட்டாயே!" என்று எல்லோர் முன்னிலையிலும் அழுதாள். அவன் தலைகுனிந்து நின்றான். "நான் தட்டவில்லை, பிழை என்னுடையது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். அதை நான் சொல்லவில்லை. "விடுங்கள், தெரியாமல் செய்துவிட்டான்" என்று பெருந்தன்மையாளன்போல் பேசினேன். மன்னிப்பு வழங்கும் பாவனையில் பழியை அவன்மேல் நிலைநாட்டினேன் என்பதே பொருள். அன்றுமுதல் அவன் வகுப்புக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

மூன்று வாரம் கழிந்தது. ஒருநாள் மாலை எங்கள் ஆசிரியர் என் கடைக்கு வந்தார். அவர் இவ்வூர்ச் சீனர், அதிகம் பேசாதவர். கொண்டுவந்த பழங்களை மேசைமேல் வைத்துவிட்டுக் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு, "அன்று நீங்கள் தட்டினீர்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அதை உங்கள் வீட்டாருக்குச் சொன்னீர்களா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே பிழையை நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் புலப்பட்டது. பாயின்மேல் தட்டவில்லை, வீட்டிலும் தட்டவில்லை. முதலாவதில் என் கை போயிற்று. இரண்டாவதில் ஒரு பிள்ளையின் நற்பெயர் போயிற்று. முதலாவதற்குக் கணநேரக் கோபத்தையும் ரோஷத்தையும் காரணம் சொல்லலாம். இரண்டாவதற்கு மூன்று வாரம் அவகாசம் இருந்ததே! அடுத்த வெள்ளிக்கிழமை பகல் விருந்துக்குக் குடும்பத்தாரை அழைத்தேன். அவன் தாயை அனுப்பி அவனையும் வரவழைத்தேன். நடந்ததை நடந்தபடி எல்லோர் முன்னும் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. என் தமக்கை எழுந்துபோய் அவன் தட்டில் இன்னொரு துண்டுக் கறியை வைத்தார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

இப்பொழுது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். தட்டாமல் இருப்பது வீரம் என்ற கட்சிக்கும் வலுவான சாட்சி உண்டு. 1951-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 23-ஆம் நாள், ரியோ டி ஜெனீரோ நகரின் மரக்கானா விளையாட்டரங்கில், நான் முன்பு சொன்ன எலியோ கிரேசியும், ஜப்பானின் புகழ்பெற்ற ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் மோதினார்கள். கிமுரா எடையிலும் பலத்திலும் மிக்கவர், வயதிலும் இளையவர். இரண்டாம் சுற்றில் அவர் எலியோவின் கையை முதுகுப்புறம் திருகிப் பூட்டினார். எலியோ தட்டவில்லை. கை சேதமடைந்த பிறகும் தட்டவில்லை. அவர் தரப்பினரே முன்வந்து போட்டியை நிறுத்தினார்கள். இன்றும் அந்தப் பூட்டுக்குக் கிமுரா என்றே பெயர் வழங்குகிறது. வென்றவரின் பெயரைத் தோற்றவரின் குடும்பமும் சீடர்களும் தம் கலைக்குள்ளேயே வைத்துப் போற்றுகிறார்கள். எலியோவின் பிடிவாதத்தையும் வீரமென்றே புகழ்கிறார்கள்.

இதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியைக் காட்டி என்னை நானே நியாயப்படுத்த முயன்றபோது ஒரு வேற்றுமையைக் கண்டேன். அவர்கள் இருவரும் பெருங்கூட்டத்தின் முன்னே, வெற்றி ஒன்றையே நாடி, விலை இன்னதென்று தெரிந்து இறங்கியவர்கள். அவர்களுக்கு அந்த ஓர் இரவே இலட்சியம். பயிற்சிக்கு வருகிறவனுக்கோ மறுநாள் வகுப்பே இலட்சியம். என் எதிரே இருந்தவன் என் எதிரி அல்லன்; என் துணைவன். என்னிடம் எதையும் பறிக்க வந்தவன் அல்லன்; என் சர்க்கரை குறையவேண்டும் என்று அழைத்து வந்தவன். அவனிடம் எலியோவின் வீரத்தைக் காட்டியது, சோறு பரிமாறுகிறவனிடம் வாளை உருவியதற்கு ஒப்பானது.

மேலும் ஒன்று. நான் தட்ட மறுத்தபோது, என் கையைப் பொறுத்த முடிவை நான் செய்யவில்லை. அதை அவன் தலையில் சுமத்தினேன். "எவ்வளவு வலித்தால் போதும்?" என்ற கேள்விக்கு விடை என்னிடம் மட்டுமே இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவன் வாயை மூடிக்கொண்டால், பிடித்திருப்பவன் இருட்டில் அல்லவா தடவுகிறான்? அகப்பட்டவன் தன் உடம்பைத் தானே பணயம் வைக்கிறான், அது அவன் உரிமை என்று சிலர் கூறலாம். அவன் தன் உடம்பை மட்டுமா பணயம் வைக்கிறான்? "இன்னானுடைய கையை ஒடித்தவன்" என்ற பெயரையும் ஒரு நிரபராதிக்குக் கட்டிவிடுகிறானே! என் காயம் சில மாதத்தில் ஆறிற்று. அவன் சுமந்த பெயரை யார் ஆற்றுவது? ஆகவே, தோல்வியை உரிய காலத்தில் ஒப்புக்கொள்ளுவது தனக்குச் செய்துகொள்ளும் உபகாரம் மட்டும் அன்று. எதிரே உள்ளவனுக்குச் செலுத்தவேண்டிய கடன் என்பது என் முடிவு.

இனி, பிடித்திருப்பவனுடைய கடமை என்ன? விருந்து முடிந்து புறப்படும்போது என் தம்பி மகன் என்னைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை சொன்னான்: "பெரியத்தா, நீங்கள் தட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் தட்டமாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் பிடித்திருந்தேனே." இதைக் கேட்டு நான் திடுக்கிட்டேன். அவனைக் குற்றவாளியாக்கிய எங்களுக்குத் தெரியாத ஒரு கணக்கை அவன் தனக்குள் வைத்திருந்தான். அவன் கணக்குக்கு நான் உடன்படவில்லை, இழுத்தவன் நான்தான். எனினும் அவன் எடுத்துக்காட்டிய தத்துவம் மெய். மற்றவன் வாய் திறக்கவில்லை என்பதனாலேயே நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை.

நம் வீடுகளில் அமானிதம் என்று ஒரு சொல் வழங்குகிறது. நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்த பொருளை, கெடாமல் காத்துத் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் கருத்து. நகையையும் பணத்தையும்தான் இதுவரை அமானிதம் என்று எண்ணியிருந்தேன். பூட்டில் அகப்பட்ட தோழனின் கையும் அமானிதமே. இந்தப் பிடி எங்கே போய் முடியும் என்பது கற்றவனுக்குத் தெரியும், புதியவனுக்குத் தெரியாது. குதிகாலைத் திருகி முழங்காலைத் தாக்கும் ஒரு பூட்டு உண்டு. அதில் வலி தெரிவதற்கு முன்பே தசைநார் அறுந்துவிடக்கூடும். அகப்பட்டவன் தட்டுவான் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அதனால்தான் சர்வதேசச் சம்மேளனத்தின் விதிகளில் வெள்ளைக் கச்சையினருக்குப் பல பூட்டுகள் தடை செய்யப்பட்டுள்ளன. இந்தக் குதிகால் பூட்டோ, 2021 முதல்தான், அதுவும் தடித்த சட்டை அணியாத பிரிவில், பழுப்பு, கறுப்புக் கச்சை பெற்ற பெரியவர்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. அறிவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அதிகாரம். அதிகாரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பொறுப்பு. இது விளையாட்டு விதி மட்டுந்தானா?

"இப்படியே போனால் எதற்கெடுத்தாலும் தட்டிவிடும் கோழைகளைத்தானே வளர்ப்போம்?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. பிடி விழுவதற்கு முன்பே தட்டிவிடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தப்பும் வழியைத் தேடுவதே இல்லை. ஆகையால் எதையும் கற்பதும் இல்லை. அதுவும் ஒருவகைப் பொய்தான். தோற்காதபோதே தோற்றதாகச் சொல்லும் பொய். தோற்றபின்னும் தோற்கவில்லை என்பது மற்றொரு பொய். முன்னது சோம்பலின் பொய். பின்னது கர்வத்தின் பொய். இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. வழி உண்டா என்று முழுமூச்சாகத் தேடி, இல்லை என்று கண்டு, கண்டதைக் கண்டபடி சொல்லும் கணம். பயிற்சி என்பது அந்தக் கணத்தைச் சரியாக அறிவதற்குத்தான். எங்கள் ஆசிரியர் கறுப்புக் கச்சை அணிந்தவர். அவர் தம் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. தட்டாமலே அந்தக் கச்சையை அடைந்தவர் எவரும் இலர். ஒவ்வொரு தட்டலும் ஒரு பாடம். எங்கே கையை விட்டேன், எங்கே இடுப்பைத் திருப்பத் தவறினேன் என்று அது காட்டிக் கொடுக்கும். தோல்வியை மறைப்பவனுக்கு இந்தப் பாடம் கிடையாது.

பாயைவிட்டு வெளியே வந்தும் இதே காட்சியைத்தான் காண்கிறேன். வியாபாரம் நஷ்டத்தில் இறங்கியதும் கூட்டாளியிடம் சொல்லாமல், கடன்மேல் கடன் வாங்கிக் கடையை நடத்தி, இறுதியில் அவரையும் சேர்த்து மூழ்கடித்தவர்களை நாம் அறிவோம். கூட்டத்தில் தாம் சொன்னது பிழை என்று பாதிப் பேச்சிலேயே தெரிந்தும், பின்வாங்கினால் மதிப்புப் போய்விடும் என்று ஆண்டுக்கணக்கில் பகை வளர்த்தவர்களையும் அறிவோம். வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். பிள்ளைகள் நம்மிடம் தோற்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று பெரியவர்களாகிய நாம் நினைத்துவிடுகிறோம். என்றாவது ஒருநாள் பிள்ளை சொல்வது சரியாக இருந்தால், "நீ சொன்னதே சரி, அப்பா" என்று சொல்ல நம் நாக்கு எழுவதில்லை. வயதுக்கு உரிய மரியாதையை நான் குறைத்துப் பேசவில்லை. என் தம்பி மகன் என் கையைப் பிடித்திருந்தபோதும் மரியாதையாகத்தான் பேசினான். மெதுவான குரலில், இரண்டு தடவை. அந்த மரியாதையைக் காப்பாற்றத் தவறியவன் நான்.

இதன் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து இருவரும் மீண்டும் வகுப்புக்குப் போனோம். என் கை முன்போல் முழுவதும் நீள்வதில்லை; இரண்டு விரற்கடை குறைவு. அது பெரிதன்று. அவனிடம் நேர்ந்த மாற்றமே எனக்குத் துயரமாக இருந்தது. எவருடைய கையைப் பூட்டினாலும், பூட்டு விழுந்ததும் தானே விட்டுவிடுவான். எதிரே இருப்பவன் தட்டும்வரை பிடித்திருக்க அவனால் முடியவில்லை. தட்டுவார்கள் என்ற நம்பிக்கையை அவனிடமிருந்து நான் எடுத்துவிட்டேன். ஆசிரியர் இதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் என்னை அவனோடு ஒரு சுற்று சேர்த்துவிட்டார்.

நான் இப்போது அவனிடம் தண்ணீர் குடிக்க ஓடுவதில்லை. முடிந்தவரை தப்பப் பார்க்கிறேன். முடியாதபோது, ஓரத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், எல்லோருக்கும் கேட்கும்படி பாயில் தட்டுகிறேன். முதல் சில மாதங்கள், நான் தட்டுவதற்கு முன்பே விட்டுவிடுவான். அப்படி விடும்போதெல்லாம், "நான் இன்னும் தட்டவில்லையே, பிடி" என்பேன். ஏறக்குறைய ஓராண்டு சென்றது. சென்ற மாதம் ஒருநாள் அதே வலது கையைப் பூட்டினான். விடவில்லை, இழுக்கவும் இல்லை, பிடித்தபடி காத்திருந்தான். நான் தட்டினேன். விட்டான்.

சகோதரர்களே, நம்மை நம்பிக் கையைக் கொடுத்திருப்பவர்கள் யார் யார், நாம் தட்டவேண்டியிருந்தும் தட்டாமல் இருக்கும் இடங்கள் எவை எவை என்று, இதைப் படித்து முடித்தபின் ஒரு நாழிகை அமைதியாகச் சிந்திப்போமாக.